கறுப்புத் திரையில் அண்ணை

அம்மா போன பிறகு அண்ணைக்கும் எனக்கும் போனில் கதைக்க வராமல் போய்விட்டது. அண்ணை கனடாவில் இருக்கிறார். அகதி வழக்கு முடியாததால் செத்தவீட்டுக்கு அவரால் வர முடியவில்லை. உடுவிலில் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்ததை, உறவினர் ஒருவர் பிடித்த கைப்பேசியில்தான் பார்த்தார். பெட்டியைத் தூக்கும் நேரம் இணைப்பு அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி.

"சாப்பிட்டியோ பிள்ளை?" என்பார்.

"ஓம் அண்ணை. நீங்கள்?"

"ஓம்."

பிறகு அவருடைய பக்கத்தில் மூச்சுச் சத்தம், என்னுடைய பக்கத்தில் ஃபான் சுற்றும் சத்தம். யாராவது ஒருவர் வைத்துவிடுவோம்.

நான் அழவில்லை. அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அடக்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. சாவகச்சேரியில் ஒரு தனியார் கொம்பியூட்டர் வகுப்பில் படிப்பிக்கிறேன். பஸ்ஸில் போனேன், படிப்பித்தேன், திரும்பி வந்தேன். ஒரு நாள் வேறு வேறு சோடிச் செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருந்ததை மாணவி ஒருத்தி சொல்லித்தான் கண்டேன்.

அந்தக் கிழமைதான் அண்ணை ஒரு செய்தி அனுப்பினார். பழைய கொம்பியூட்டர் விளையாட்டு ஒன்றுக்குள் போவதற்கு அடிக்க வேண்டிய ஒரு வரி. அதற்குக் கீழே, "படம் ஒண்டும் இல்லை, எழுத்து மட்டும்தான். வா" என்று எழுதியிருந்தார்.

லப்ரொப்பில் கட்டளைகள் அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து அந்த வரியை அடித்தேன். வெள்ளை எழுத்துகள் ஓடி வந்து நின்றன. நீ ஒரு சந்தையில் நிற்கிறாய், வடக்கே ஒரு வாசல் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே, அந்த இடத்தில் நிற்பவர்களின் பெயர்கள். எங்கெங்கோ நாடுகளில் இருந்தவர்கள் அதற்குள் நடந்து திரிந்தார்கள். அண்ணையும் அங்கே நின்றார்.

பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து அண்ணை அறைக்கு வரும்போது அங்கே காலை. இங்கே நான் வேலையால் வந்து முகம் கழுவும் பின்னேரம். அந்த நேரத்தில் சந்தித்தோம். தமிழ் எழுத்தை அடித்தால் திரை கேள்விக்குறிகளாகக் காட்டியது. ஆகவே எங்கள் தமிழை ஆங்கில எழுத்திலேயே அடித்தோம். ஒருவரைப் பின்தொடரும் கட்டளையை ஒருமுறை கொடுத்துவிட்டால், அவர் போகும் இடமெல்லாம் நம்முடைய ஆளும் போகும். நான் யோசிக்கத் தேவையில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. காடு, சுரங்கம், இடிந்த கோட்டை என்று அண்ணை போன இடமெல்லாம் போனேன். இடையிடையே, உனக்குப் பசிக்கிறது என்று திரை சொல்லும். அப்போதுதான் மத்தியானம் நான் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வரும். எழும்பிப் போய்ப் புட்டை எடுத்துத் தின்பேன். பசித்ததா என்று கேட்டால் தெரியாது.

அப்பா விறாந்தையில் இருந்தபடி கேட்பார்.

"ஆரோடை பிள்ளை?"

"அண்ணையோடை."

"சத்தம் ஒண்டையும் காணேல்லை?"

"எழுத்திலை கதைக்கிறம் அப்பா."

"ம்."

ஒரு பின்னேரம் மழை பெய்தது. விளையாட்டில் நாங்கள் ஓர் ஆற்றங்கரையில் நின்றோம். அண்ணை திடீரென்று கேட்டார்.

"கீரிமலையிலை ஆர் செய்தது?"

அம்மாவின் சாம்பலைக் கடலில் கரைத்துச் செய்த அந்தியேட்டியைப் பற்றி அவர் அதுவரை கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை. மகன் செய்ய வேண்டிய காரியம் அது, மகள் நான் செய்ய முடியாது.

"பெரியப்பாவின்ரை மகன்," என்று அடித்தேன்.

"கடலிலை கரைச்சதும் அவனோ?"

"ஓம்."

"கடல் எப்பிடி இருந்தது?"

"அலை இல்லை. நல்ல வெய்யில். ஐயர் கெதியா முடிச்சிட்டார். பிறகு எல்லாரும் கேணியிலை குளிச்சவை."

இதை அடித்தபோது என் விரல்கள் ஓர் எழுத்துக்கூடப் பிழை விடவில்லை.

நெடுநேரம் ஒன்றும் அடிக்காமல் இருப்பவர்களை அந்த விளையாட்டு வெறுவெளி என்று ஓர் இடத்துக்கு எடுத்துவிடும். அண்ணை வெறுவெளிக்குள் மறைந்தார் என்று ஒரு வரி வந்தது. போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தேன். உள்ளங்கை வேர்த்திருந்ததைப் பார்த்துத்தான் நான் பயந்திருக்கிறேன் என்று விளங்கியது.

முன்பின் தெரியாத ஒருவர் அந்த ஆற்றங்கரைக்கு வந்தார். உன்னோடு திரிகிறவர் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். தெரியாது என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. போகவும் இல்லை.

மழை விட்ட பிறகு அண்ணை திரும்பவும் தோன்றினார்.

"முழுகப் போனனான்."

"இப்பவோ?"

"ஓம். தலையோடை. இஞ்சை இருந்து வேறை என்ன செய்யிறது பிள்ளை."

அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. எழும்பிப் போய் அப்பாவிடம் சொன்னேன்.

"அண்ணை முழுகினவராம் அப்பா. அம்மாவுக்கு."

அப்பா ரிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"அங்கை குளிரெல்லோ. சுடுதண்ணியோ?"

வந்து கேட்டேன். பச்சைத்தண்ணி என்றார் அண்ணை. திரும்பிப் போய்ச் சொன்னேன்.

"தலையை வடிவாத் துடைக்கச் சொல்லு," என்றபடி அப்பா கதிரையை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தார். அப்பா சொன்னதை அடித்தேன். துடைக்கிறேன் என்று அண்ணையிடமிருந்து வந்தது. அதை வாசித்துக் காட்டினேன். அந்த முன்பின் தெரியாதவர் விடைபெற்றுக்கொண்டு வடக்குப் பக்கம் போனார்.

அடுத்த வருடம் அண்ணையின் வழக்கு நல்லபடி முடிந்தது. பகல் வேலைக்கு மாறிவிட்டார். வரப்போகிறேன் என்கிறார். எப்போது என்று நாங்கள் கேட்பதில்லை. நான் இன்னும் அழவில்லை. சில நாட்களில் பஸ்ஸில் போகும்போது பசிக்கிறது, அவ்வளவுதான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விளையாடுகிறோம். திரையில் வருவதை நான் தமிழில் சொல்ல, அப்பா கேட்டுக்கொண்டிருப்பார்.

போன ஞாயிறு ஒரு சந்தியில் நின்று, எந்தப் பக்கம் போவோம் என்று அண்ணை கேட்டார்.

"மேற்குப் பக்கம் போகச் சொல்லு," என்றார் அப்பா. "கிழக்காலை போன முறை போனதெல்லோ."

மேற்கே போனோம்.