நுவரெலியாக் குளத்தில் ஒரு முங்கல்

சென்ற கோடை விடுமுறையில் தக்கலையிலிருந்து இலங்கைக்குப் போனேன். என் மனைவியின் தம்பி நுவரெலியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலையாயிருக்கிறான். போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் நான் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளத்துக்குக் கிளம்பியதும் அவன் தடுத்தான்.

“அத்தான், இங்க வெந்நியிலதான் குளிக்கணும். குளத்து வெள்ளம் ஐஸா கெடக்கு, ஆளக் கொன்னுபோடும்.”

“முங்கிக் குளிக்காம அது என்ன குளிடே?” என்று நடந்தேன்.

மறுகரை பனிமூட்டத்தில் கரைந்திருந்தது. முதல் முங்கலில் மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. சற்று நேரத்தில் குளிர் தெரியவில்லை, உடம்பு பஞ்சாகிவிட்டது. எங்கள் ஊர்க் குளத்தில் தாமரை இலைகள் தோளை உரச நிற்பதாகவே நினைத்தேன். கரையேற மனமில்லை.

“அத்தான், கையத் தாங்க” என்று மைத்துனன் கரையிலிருந்து கத்தினானாம். “இன்னும் ஒரு முங்கு முங்கிட்டு வாரேன்” என்று நான் சிரித்தேனாம். எனக்கு நினைவில்லை. அவன்தான் இறங்கி இழுத்து வந்திருக்கிறான். அடுப்பருகே கம்பளிக்குள் கண் விழித்த பிறகுதான் நடுக்கம் வந்தது.

இப்போதெல்லாம் வெளியூரில் வெந்நீர் கேட்டு வாங்கித்தான் குளிக்கிறேன். குளிர் நடுக்கினால்கூட எனக்கு அத்தனை பயமில்லை. சுகமாயிருந்தால்தான் பயம்.