தவளைகள் வாய் மூடிய இடம்

ஓடெலிக்குப் பாம்புக் காது என்று லூயிசியானாவின் அந்தச் சதுப்புப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். படகு முனையில் குப்புறப் படுத்து, வெறுங்கையால் காளைத் தவளை பிடித்து வளர்ந்தவள் அவள். கண்ணைவிட அதன் பின்னாலுள்ள காதுவட்டம் பெரிதாக இருந்தால் ஆண், பாடுகிறவன் அவன்தான். பெண் தவளையாக இருந்தால் தண்ணீரிலேயே விட்டுவிடுவாள்.

"பாடுறவன்தான் மாட்டுவான். நீங்க மாட்டுன மாதிரி" என்று கல்யாணமான புதிதில் கணவன் க்ளெபேரைச் சீண்டுவாள். அவரும் விடமாட்டார், இன்னொரு பாட்டை எடுத்துவிடுவார்.

பிறகு அவர் கடலுக்குள் எண்ணெய்க் கிணற்று மேடையில் இயந்திர அறைக்கு வேலைக்குப் போனார். அந்த இரைச்சல் கொஞ்சங்கொஞ்சமாகக் காதைத் தின்றது. வீட்டோடு வந்து சேர்ந்தபின் ஞாபகமும் நழுவ ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்துச் சமையல் வேலையை ஓடெலி விட்டதே அவரைக் கண்ணிலிருந்து விடாமல் இருக்கத்தான். அப்படியும் ஜூன் மாதத்தில் ஒரு நாள், மழை ஓய்ந்த சாயங்காலம், அவள் காப்பி வடிகட்டித் திரும்புவதற்குள் ஆளைக் காணோம். காதுக்கருவி மேசைமேல் கிடந்தது. செருப்பு படிக்கட்டில். வெறுங்காலின் தடங்கள் தண்ணீர்வரைக்கும் போய் நின்றுவிட்டன.

தங்கை மகன் ரஃபின் அக்கம்பக்கத்து ஆட்களைத் திரட்டி மூன்று மோட்டார் படகுகளோடு வந்தான். ஆளுக்கொரு பக்கம் விளக்கடித்து, "க்ளெபேர்! ஓய், க்ளெபேர்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள்.

"யாரைடா கூப்பிடுறீங்க?" என்றாள் ஓடெலி. "அந்த மனுசன் காது அடுப்படி மேசையில கெடக்கு."

"பின்ன என்ன தாந்த், சும்மா உக்காந்திருக்கச் சொல்றீங்களா?" பெரியம்மாவை அவன் 'தாந்த்' என்றுதான் கூப்பிடுவான். "இருட்டுது. தண்ணியில முதலை கெடக்கு."

"சும்மாதான் உக்காரணும். மோட்டாரை நிறுத்து. விளக்கை அணை. எவனுக்காவது இருமல் வந்தா சட்டையக் கடிச்சுக்கோ."

பின்படகில் ஒருவன் கிசுகிசுத்தான்: "அவருக்கு வந்தது இவங்களுக்கும் வந்திருச்சு போல."

"கேக்குது சாமி. எனக்குக் காது நல்லா இருக்கு."

படகுகள் சும்மா மிதந்தன. மிதக்கிற படகைத் தவளைகள் கண்டுகொள்வதில்லை. ஆனால் சேற்றில் ஒரு கால் அழுந்தினால் போதும். அந்த அதிர்வு மண்வழியே போய் அவற்றின் உடம்பைத் தொட்டுவிடும். அந்த இடத்துத் தவளை வாயை மூடிக்கொள்ளும். இந்த ஆட்களுக்கும் இது தெரியும், தவளை பிடிக்கச் சாக்கோடு வரும் நாட்களில். பதற்றத்தில் மறந்துபோயிருந்தார்கள்.

முதலில் ஒரு மரத்தவளை கத்தியது. எங்கோ இன்னொன்று பதில் கொடுத்தது. பிறகு காளைத் தவளைகள், பீப்பாய்க்குள் உறுமுவதுபோல. கொஞ்ச நேரத்தில் சதுப்பு முழுக்க ஒரே சத்தம். பக்கத்தில் இருப்பவன் மூச்சுவிடுவதுகூடக் கேட்கவில்லை.

அந்தச் சத்தத்தில் ஓர் ஓட்டை இருந்தது.

தண்ணீருக்குள் நிற்கும் சைப்ரஸ் மரங்களின் வரிசையில், ஓர் அறை அளவுக்கு மௌனம். அது நகர்ந்தது. முன்னால் இருக்கும் குரல்கள் ஒவ்வொன்றாக அணைய, கடந்துபோன இடத்தில் மறுபடி எழுந்தன. இழுத்தது, நின்றது, இழுத்தது. க்ளெபேரின் மூட்டுவலி நடை. ஓடெலியின் முகம் அதோடு கூடவே திரும்பியது. ரஃபினுக்கும் அது இப்போது கேட்டது.

பழைய கால்வாய் அருகே மௌனம் நின்றது. அங்கே தரை சட்டென்று ஆழமாகும். ஒரு தவளை தயங்கித் தயங்கிக் குரல் கொடுத்தது. இன்னொன்று சேர்ந்தது. ஓட்டை மூடிக்கொண்டது.

"எங்க போனாரு தாந்த்?"

அசையாமல் நின்றால் தவளைகள் ஆளை மறந்துவிட்டுப் பாடும். மூழ்கிப்போனாலும் பாடும். அவற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். ஓடெலி துடுப்பைப் பிடுங்கி, அந்த இடத்தைக் காதிலிருந்து நழுவவிடாமல், தானே வலித்தாள்.

க்ளெபேர் இடுப்பளவுத் தண்ணீரில் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தவளை பாடிக்கொண்டிருந்தது. உயிர் இருந்தது. கன்னம் மட்டும் சில்லிட்டுப் போயிருந்தது. ஓடெலிக்கு அழுகையும் வசவும் சேர்ந்து வந்தன.

அவர் அவள் வாயைப் பொத்தினார். "பேசாத. அங்க ஒருத்தன் நடக்குறான்."

"உங்களுக்குத்தான் ஒண்ணும் கேக்காதே!"

அவள் சொன்னதுகூட அவருக்குக் கேட்கவில்லை. "கால்ல தெரியுது" என்றார் தானாகவே, மறுகரைப் பக்கம் முகவாயை நீட்டி.

அவள் காதைத் தீட்டினாள். மறுகரையில் குரல்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. இழுத்தது, நின்றது, இழுத்தது. அதே நடை. தேடவந்தவர்கள் அத்தனை பேரும் அவள் முதுகுக்குப் பின்னால் படகுகளில் இருந்தார்கள். அந்த மௌனம் போகிற திக்கில், அவள் அணைக்காமல் வந்த அடுப்படி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

க்ளெபேரை ஏற்றிப் போர்வையால் சுற்றினார்கள்.

"ரஃபின், இன்னிக்கு உன் வீட்டுல படுத்துக்கிறோம்."

"உங்க வீடு இதோ இருக்கே தாந்த்..."

"உன் வீட்டுக்குப் போ."

அவன் மோட்டார்க் கயிற்றை இழுத்துவிட்டான். சதுப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டது. அது இப்போது எங்கே நடக்கிறது என்று இனி அவளாலும் சொல்ல முடியாது.