முதல் வெட்டு யாருக்கு

ஊரடங்கு போட்ட முதல் வாரம் எனக்கு விடுமுறை மாதிரித்தான் இருந்தது. ஹட்டனிலிருந்து டிக்கோயா போகிற ரோட்டோரம், நகர சபைக்குச் சொந்தமான கடை வரிசையில் என் சலூன் இருக்கிறது. தீபாவளிக்கு முதல் நாளில் சோறு தின்னக்கூட நேரமிருக்காது. அப்படி நின்றுகொண்டே இருந்த கால்களுக்கு வீட்டில் நீட்டிப் படுக்கக் கிடைத்தது பெரிய சுகம். நாங்கள் குடியிருப்பது பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். மனைவி அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். நாடே பூட்டிக் கிடந்தாலும் தோட்டத்து வேலை நிற்கவில்லை. அவள் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு மலைக்குப் போவாள். நான் ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, துணி துவைத்து வைப்பேன்.

"இந்தக் கொரோனா இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டுங்க. நீங்க சம்பல் இடிக்கிற பக்குவம் இப்பதான் கைக்கு வந்திருக்கு" என்பாள்.

வாரங்கள் நீண்டபோது அந்தச் சிரிப்பு குறையத் தொடங்கியது. தொற்று வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான் கடன் எடுத்துச் சுழல்கிற நாற்காலிகள் இரண்டு வாங்கிப் போட்டிருந்தேன். தவணை கட்டுகிற தேதி நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு காலையில் கடன் கொடுத்த இடத்திலிருந்து போன் வந்தது. என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டே எடுத்தேன். பேசிய பெண் பிள்ளை, தவணைகளைத் தள்ளிப்போடச் சொல்லி அரசாங்கம் அறிவித்திருக்கிறது, இப்போதைக்குக் கட்டத் தேவையில்லை என்றது. நான் நம்பாமல் இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னேன். அதுவும் பொறுமையாகச் சொன்னது. பிறகு கிராம சேவகர் லயத்துக்கே வந்து அரசாங்கத்தின் கொடுப்பனவுப் பணத்தைத் தந்துவிட்டுப் போனார். பூட்டியிருக்கும் காலத்துக்குக் கடை வாடகை வேண்டாம் என்று நகர சபையும் சொல்லிவிட்டது. அன்றைக்கு மனைவி வேலைவிட்டு வந்ததும் நான் வாசலிலேயே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கூடையைக்கூட இறக்காமல் கேட்டுக்கொண்டு நின்றவள், "அப்ப இன்னைக்குக் கருவாடு வாங்கலாம்" என்றாள்.

இதற்கிடையில் ஊரில் எல்லாருக்கும் முடி வளர்ந்துகொண்டிருந்தது. ஊரடங்கு அதற்குப் பொருந்தாது அல்லவா. லயத்து ஆட்கள் ஒவ்வொருவராகப் பின்வாசலுக்கு வந்து நின்றார்கள். "அண்ணே, யாருக்கும் தெரியாம கொஞ்சம் வெட்டிவிடுங்களேன்." ஆசையாகத்தான் இருந்தது. கை அரித்தது என்றே சொல்லலாம். ஆனால் ஒருவர் தலையைத் தொட்ட கையால் அடுத்தவர் தலையைத் தொட்டு ஏதாவது ஆகிவிட்டால், லயத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டிக்கொண்டிருக்கிற வீடுகள் என்னாகும்? மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். அவர்கள் நேராகப் போய் மனைவிமாரிடம் தலையைக் கொடுத்தார்கள். அடுத்த நாள் வேலைக்கு ஆட்களைக் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் பார்த்தால், பாதித் தோட்டத்துத் தலைகள் கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைபோல் இருந்தன. அங்கங்கே குச்சி குச்சியாக நின்றது, சில இடத்தில் மண்ணே தெரிந்தது.

அப்படி இருக்கும்போதுதான் வானொலியில் செய்தி வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து அனுமதித்தால் சலூன்களைத் திறக்கலாம். நாங்கள் அவரை பி.எச்.ஐ. மாத்தயா என்போம். நான் அன்றே போய்ச் சொல்லிவைத்தேன். மறுநாள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சிங்களவர். இந்தப் பக்கம் பல வருடம் வேலை செய்ததில் தமிழ் நன்றாக வரும். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கடைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"கை கழுவத் தண்ணி எங்க?"

"உள்ளுக்குப் பைப் இருக்குங்க மாத்தயா."

"உள்ளுக்கு வந்து கழுவுறதுல என்ன பிரயோஜனம்? வெளிய வேணும். கையால தொடாம வரணும். ஒரு ஆளுக்குப் போட்ட துணி இன்னொரு ஆளுக்குப் போடக் கூடாது. அப்புறம் காத்து. இந்தக் கடையில காத்து எங்க?"

கடைக்கு ஒரே ஒரு கதவுதான். பின்சுவரில் ஒரு ஜன்னலுக்கான இடத்தை யாரோ எந்தக் காலத்திலோ செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். அதன் மேல் நான் சினிமா நடிகர்களின் படம் ஒட்டியிருந்தேன். அவர் ஒரு நடிகரின் நெற்றியில் விரலால் தட்டிப் பார்த்தார்.

"இதத் தொறந்தா சரி. பயப்பட வேணாம், நான் கடைய மூடுறதுக்கு வரல்ல. தொறக்கிறதுக்குத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொல்லிவிட்டார், நான் என்ன செய்வது என்று வாசலில் நின்றேன். இரண்டு கடை தள்ளி வெல்டிங் வேலை செய்கிறவர், என் வயசுக்காரர், என் முகத்தைப் பார்த்தே விஷயம் கேட்டார். கேட்டதும் தன் கடைக்குப் பின்னால் கிடந்த பழைய சைக்கிளை இழுத்துப்போட்டு அறுக்கத் தொடங்கிவிட்டார். சாயங்காலத்துக்குள் இரும்புத் தாங்கி ஒன்று என் வாசலில் நின்றது. மேலே தண்ணீர்ப் பீப்பாய், கீழே சைக்கிள் பெடல். மிதித்தால் தண்ணீர் வரும்.

"என்ன வேணும் சொல்லுங்க" என்றேன்.

"ஒண்ணும் வேணாம்ப்பா. கடையத் தொறந்தா மொத வெட்டு எனக்கு. பொறி பட்டுப் பட்டு முடி கருகுது."

சரி என்றேன்.

பக்கத்துக் கடையில் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிற அக்காவிடம் துணி கேட்டுப் போனேன். பள்ளிக்கூடம் பூட்டியதில் அவருடைய மெஷினும் சும்மாதான் கிடந்தது. அலமாரியிலிருந்து திரைச்சீலைத் துணி ஒரு கட்டு எடுத்து விரித்தார். பெரிய பெரிய சிவப்பு ரோசாப்பூ.

"அக்கா, பூப் போட்டதா? ஆம்பளைங்க கட்டுவாங்களா?"

"கழுவுனா ஒடனே காயும், முடி ஒட்டாது. ரோசாப்பூ போத்திக்கிட்டா யாரும் கொறஞ்சு போயிர மாட்டாங்க தம்பி." மெஷினில் உட்கார்ந்தபடியே சொன்னார். "கூலியெல்லாம் அப்புறம் பாக்கலாம். எங்க வூட்டுக்காரர மொத ஆளா ஒக்கார வைங்க. விடியக்காலம் எந்திரிச்சு அவரப் பாத்தா எனக்கே பயமா இருக்கு."

அதற்கும் சரி என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்லத் தோன்றும்?

மிச்சம் ஜன்னல். கடை சபையுடையது, நானாகச் சுவரை உடைக்க முடியாது. சபைக் காரியாலயத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். அங்கிருந்த அம்மா, "கடையெல்லாம் தொறந்தாத்தானே டவுனுக்கு உயிர் வரும்" என்று சொல்லி, சபையின் கொத்தனாரையே கூட அனுப்பிவைத்தார். கொத்தனார் நடிகர்களைப் பக்குவமாக உரித்துச் சுருட்டி என் கையில் தந்துவிட்டுச் சுத்தியலை எடுத்தார். செங்கல் ஒவ்வொன்றாய் விழுந்தபோது முதலில் வெளிச்சம் வந்தது, பிறகு குளிர் வந்தது. கடைசிக் கல்லும் போனதும் பார்த்தால், கீழே சரிவு முழுக்கத் தேயிலை, அதன் மேல் தவழ்ந்து வருகிற மூடுபனி. எதிர்ச் சுவர்க் கண்ணாடியிலும் அதே மலை தெரிந்தது. எத்தனை வருடமாக இவ்வளவு அழகை அடைத்துவைத்து, அதன் மேல் நடிகர்களை ஒட்டிக்கொண்டிருந்தேன்!

கொத்தனார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். முடி காதை மூடிக் கழுத்துக்கு வந்திருந்தது. "சம்பளம் சபை குடுக்குது. ஆனா மொத வெட்டு எனக்குத் தந்துருங்க அண்ணே."

மூன்றாவது முறையாகவும் சரி என்றேன்.

திறக்கிற நாள் காலையில் போனபோது வாசலில் நான் சுண்ணாம்பால் போட்டிருந்த வட்டங்களில் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். வெல்டிங்காரர், தையல் அக்காவின் கணவர், கொத்தனார். அவர்களுக்குப் பின்னால் பஸ் நிற்கிற ஹோல்ட் வரைக்கும் ஆட்கள்.

"எனக்குத்தான் மொதல்ல சொன்னாரு."

"எங்க வூட்ல ராத்திரி பகலா தச்சது தெரியுமா?"

"நா சொவத்த ஒடைக்கலேன்னா இங்க கடையே இல்ல!"

மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பூட்டில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டே இருந்தேன். பூட்டு எப்போதோ திறந்துவிட்டது.

நல்லவேளையாக பி.எச்.ஐ. மாத்தயாவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பெடலை ஓங்கி மிதித்தார். தண்ணீர் பீய்ச்சி அவருடைய கால் சப்பாத்தை நனைத்தது. "ஹொந்தய், நல்லா வேலை செய்யுது" என்றார். ரோசாப்பூத் துணிகளை எண்ணிப் பார்த்தார். ஜன்னலருகே போய்க் கொஞ்ச நேரம் மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அனுமதிப் பத்திரத்தைக் கண்ணாடிக் கதவில் தன் கையாலேயே ஒட்டிவிட்டு, "ஏன் சண்டை?" என்று கேட்டார்.

மூன்று பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். முகக்கவசத்துக்கு மேலே அவருடைய கண்கள் சுருங்கின.

"பெரிய பிரச்சினைதான். ஆனா நீங்க எப்படி வேலை செய்யிறீங்கன்னு நானும் பாக்கணும். அது என் கடமை." சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து, வந்த இரண்டு தடவையும் கழற்றாமலே வைத்திருந்த அந்த ஹெல்மெட்டைக் கழற்றினார்.

ஒரு பக்கம் காதுக்கு மேலே வழித்துவிட்டதுபோல் இருந்தது. மறுபக்கம் புதராய் நின்றது. நடுவில் ஒரு பாத்தி.

"எங்க வீட்டு நோனா வெட்டினது" என்றார். "குசினிக் கத்தரிக்கோல்."

தையல் அக்காவின் கணவர்தான் அடக்க முடியாமல் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. பின்னால் நின்றவர்கள் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள்.

"ஹரி, ஹரி, சரி சிரிங்க" என்றார் மாத்தயா, கண்ணாடியில் அவர்களைப் பார்த்தபடி. "ஆனா ஒரு மீட்டர் தள்ளி நின்னு சிரிங்க!"

ரோசாப்பூத் துணியை அவருக்குப் போர்த்திக் கழுத்தில் கட்டினேன். இத்தனை நாள் சும்மா இருந்த கை மறந்திருக்குமோ என்று ஒரு பயம். சீப்பை வைத்து முதல் வெட்டு வெட்டினேன். அந்தச் 'சரக்' என்ற சத்தத்தைக் கேட்டதும் பயம் போய்விட்டது. அப்புறம் கை தன் பாட்டுக்குப் போனது. முடிந்ததும் அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இனி வீட்டுக்குப் போகலாம்" என்றார். முழுக் கூலியையும் வாங்க வைத்துவிட்டுத்தான் போனார்.

மற்ற மூவரும் சமாதானமாகிவிட்டார்கள். சபைக் கடமைக்கு நேரமாகிறது என்று கொத்தனாரை முன்னால் விட்டார்கள். அன்று முழுக்க நிமிரவில்லை. மாப்பிள்ளை ஒருவர் வந்தார். வீட்டோடு ஆறு பேரை வைத்துக் கல்யாணமாம், சிக்கனம் என்று சந்தோஷப்பட்டார். எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ரோசாப்பூவைப் போர்த்திக்கொண்டு, யாராவது போட்டோ எடுக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தபடியே இருந்தார். தையல் அக்கா நேரத்துக்கு நேரம் பிளேன்டீ கொண்டுவந்து வாசலில் வைத்தார். நாற்காலிக்குக் கீழே முடி மலைபோல் குவிந்தது.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போது வெல்டிங்காரர் தன் சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"நேத்து இவ என்னய வீட்டுக்குள்ள விடலப்பா. யாரோ மாமா வந்திருக்காருன்னு ஒரே அழுக. நீயே சொல்லு இவகிட்ட."

"அப்பாதாண்டா செல்லம். நாந்தான் முடிய வெட்டிவிட்டேன்" என்றேன்.

பிள்ளை என்னைப் பார்த்தது. அப்பாவின் பிடரியை மெல்லத் தடவியது. குத்தியிருக்க வேண்டும், சட்டென்று கையை இழுத்துக்கொண்டு சிரித்தது. மறுபடி தடவியது. விடவே மாட்டேன் என்றது. அவர் குனிந்து நின்று கொடுத்தார். அதற்குள் வெளியே யாரோ பெடலை மிதிக்கிற சத்தம் கேட்டது. நான் துணியை உதறி எடுத்தேன்.