இடக்கைப் பக்கம் கடல்

மீன் ஏலம் முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில் சேதி வந்தது. தெற்கே விற்கப் போன கன்னியம்மா பாதி வழியில் திரும்பி வந்து, கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே சொன்னாள்: "நைனா, ஓடுற சாலமோன் பூட்டான்."

"ஓடும்போதா?" என்று கேட்டேன்.

"இல்ல. நேத்து மத்தியானம், தூக்கத்துல."

செத்ததை உடனே நம்பிவிட்டேன். தூக்கத்தில் என்றதைத்தான் நம்ப முடியவில்லை.

அவனோடு ஷிப்ட் பார்த்தவர்களும் ஓடியவர்களும் சேர்ந்து அவன் நினைவாகச் சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். என்னையும் சொல்லச் சொன்னார்கள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். உங்களுக்குத் தெரிந்த சாலமோன் ஓடிப் பரிசு வாங்கியவன். எனக்குத் தெரிந்தவன் எங்கள் வலைக் கொட்டகையில் படுத்துக் கிடந்தவன்.

தொண்ணூறுகளில் அவனுக்கு செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ் மாமல்லபுரத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து அவன் ஊருக்கு பஸ் உண்டு, ஏறமாட்டான். பேண்டைச் சுருட்டிப் பையில் போட்டு, பையை முதுகில் கட்டிக்கொண்டு, தண்ணீர் ஓரமாகவே தெற்கே ஓடுவான். நடு வழியில் எங்கள் குப்பம். நாங்கள் படகை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தால் நின்று ஒரு கை கொடுப்பான், மறுபடி ஓடுவான்.

"யாருடா ஒன்ன தொரத்துறது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வயசு நைனா," என்றான்.

விளையாட்டுக் கோட்டாவில் ஒரு அரசாங்க வேலை இருந்தது. சென்னைக்குப் போய் ஓடிக் காட்ட வேண்டும். வயது வரம்பில் அவனுக்கு அதுதான் கடைசி வருடம். அந்த வேலை கிடைத்தால் பகலில் உழைத்து ராத்திரியில் தூங்கலாம், மற்றவர்களைப் போல. அதற்காகத்தான் அவன் தூங்காமல் ஓடிக்கொண்டிருந்தான். கம்பெனியில் ஓவர்டைம் வேறு. வீட்டுக்குப் போனால் பக்கத்திலேயே சிலை செய்கிற பட்டறை, காலையிலிருந்து உளிச் சத்தம். கைக்குழந்தை ஒன்று. அவன் கண் எப்போதும் எங்கள் ஆட்களின் கண் மாதிரி சிவந்திருக்கும். நாங்களாவது வந்து படுத்துவிடுவோம்.

ஒருநாள் நொண்டிக்கொண்டு நடந்து வந்தான். இடது முட்டி வெளிப்பக்கமாக வீங்கியிருந்தது. ஈர மணல் கெட்டி, மேட்டு மணலில் ஓடு, காலுக்கு மெத்தை மாதிரி இருக்கும் என்று நான் சொன்னேன். குப்பத்தில் எல்லாரும் அதைத்தான் சொன்னோம். காய்ந்த மணலில் கால் புதையப் புதைய ஓடினான். அந்த வாரமே படகோரம் உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை.

செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கமாக ஓடுவாய் என்று கேட்டார். கடலோரமாகத் தெற்கே என்றான்.

"திரும்பி?"

"திரும்பறதே இல்ல மேடம். வூடு வந்துடும்."

ஒரு அட்டையைச் சாய்த்துப் பிடித்து, அதன் மேல் இரண்டு விரலை நடக்கவிட்டுக் காட்டினார். கரை கடலைப் பார்த்துச் சரிந்திருக்கிறது. தெற்கே போகிறவனுக்கு இடது கால் எப்போதும் பள்ளத்தில். வந்த வழியே திரும்பியும் ஓடியிருந்தால் இரண்டு காலும் கஷ்டத்தைப் பங்கு போட்டிருக்கும் என்றார். அந்தக் கரையிலேயே பிறந்தவன் நான். எனக்கு அது தோன்றவில்லை.

"திரும்பி ஓடினா மறுபடி கம்பெனி பஸ்ஸாண்டதான் மேடம் போய் நிக்கணும்," என்றான். டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு, எப்போது தூங்குவாய் என்று கேட்டார். அவன் சொல்லச் சொல்ல எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"தூங்காத ஒடம்புல எந்தக் காயமும் ஆறாது. ஓட்டத்த நிறுத்துங்க, ஓவர்டைம நிறுத்துங்க, தூங்குங்க."

"அடுத்த மாசம் செலக்ஷன் கீது மேடம்."

"அன்னிக்கு ஓடலாம். அதுக்கப்புறம் ஓட முடியாது."

பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வரும்வரை அவன் முட்டியைத் தேய்த்துக்கொண்டே வந்தான். அதற்கப்புறம், "எங்க போய் நைனா தூங்கறது?" என்றான். குப்பத்துக்கு வா என்றேன்.

கடலுக்குப் போய் வந்தவனை எங்கள் குப்பத்தில் யாரும் எழுப்பமாட்டார்கள். வெளியூர் ஆள் தேடி வந்தாலும் அவன் தானாக எழும்வரை மணலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மத்தியானத்தில் தெருவே சத்தமில்லாமல் கிடக்கும். அந்தத் தூக்கத்துக்கு நடுவில் அவனுக்கும் ஒரு பாய் போட்டோம். காலனிக்காரன் நம் கொட்டகையில் எதற்கு என்று இரண்டு பேர் முனகினார்கள். என் வீட்டுக்காரி குழம்புச் சட்டியோடு வெளியே வந்தாள். "ராத்திரி முச்சூடும் முழிச்சிகினு வர்றவன் எவனா இருந்தா இன்னா? அவனும் கடலுக்குப் போய் வந்தவன்தான்," என்றாள்.

முதலில் அவனுக்குத் தூக்கமே வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பான், பாயின் மேல் கால் மட்டும் இழுத்து இழுத்து உதறும். "இன்னாடா, படுத்துகினே ஓடுறியா?" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். நாளாக ஆக உதறல் நின்றது. பிறகு ஒருநாள் குறட்டை கேட்டது. அவ்வளவு நாராசமான குறட்டையை நான் கேட்டதில்லை. அதையும் பொறுத்துக்கொண்டோம்.

செலக்ஷனுக்கு முந்தின நாள் பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "நாளைக்கு பாபு வண்டி எட்துகினு வருவான் நைனா. என்ன எழுப்பாத. எழுப்பினா நான் பூடுவேன்."

பாபு அவனோடு ஷிப்ட் பார்த்தவன். மறுநாள் மணலில் வண்டி புதைய வந்து நின்றான். சாலமோன் அப்போதுதான் வந்து படுத்திருந்தான். நான் கொட்டகை வாசலில் வலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எழுப்பு நைனா. இத்த வுட்டா அவனுக்கு வேற சான்ஸ் இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சிகினே குந்திகினு கீறியே. ஒன் புள்ளயா இருந்தா இப்டி பண்ணுவியா?"

"என் புள்ளயயும் எழுப்பமாட்டேன்."

உள்ளே போகப் பார்த்தான், நான் நகரவில்லை. என்னை என்னென்னவோ திட்டிவிட்டுப் போனான். சத்தத்தில் எழுந்துவிடுவானோ என்று உள்ளே எட்டிப் பார்த்தேன். எழவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு எழுந்து வெளியே வந்தான். சூரியனைப் பார்த்தான்.

"வந்தானா?"

"வந்தான்."

"எழுப்புனானா?"

"நான் வுடல."

என் வீட்டுக்காரி சோறு போட்டாள். சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான். அந்த வேலையைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதற்குப் பிறகும் என்னிடம் பேசியதில்லை.

கால் ஆறியது. அவன் ஆயுசு முழுக்க அந்தக் கம்பெனிதான். சில வருடம் போய் பகல் ஷிப்ட் கிடைத்தது. லீவு நாளில் வடக்கே மாமல்லபுரம் வரைக்கும் ஓடிப் போய், வந்த வழியே திரும்பி ஓடி வருவான். "வூட்டுக்கு வந்தா ஓட்டம் முடிஞ்சிதுன்னு நெனச்சிகினு இருந்தேன் நைனா. அது பாதிதான்," என்பான். பொங்கல் பந்தயங்களில் உங்களில் பலரைத் தோற்கடித்தது அந்தக் கால்தான். ஜெயித்த எவர்சில்வர் குடம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகும் அதில்தான் தண்ணீர்.

சேதி கேட்டதும் கரையோரமாகவே நடந்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்சாதி மேரி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து சாப்பிட்டுப் படுத்தானாம். எழுந்ததும் குடிக்க டீ போட்டு வைத்திருந்தாளாம்.

"ஆறிப் போச்சு மாமா. எழுப்பக் கூடாதுன்னு நானே கதவ சாத்திகினு வெளிய குந்தியிருந்தேன். எழுப்பியிருந்தா?"

படுத்த கொஞ்ச நேரத்திலேயே நெஞ்சு நின்றிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதையே நானும் சொன்னேன். வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது. "அவன் சொன்னபடிதாம்மா நீ செஞ்ச. நானும் ஒருதபா அதத்தான் செஞ்சேன்," என்றேன்.

கல்லறையில் மண் போட்ட பிறகு பாபு வந்து கையைப் பிடித்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. பழசைப் பேசவில்லை. வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் நைனா என்றான். வேண்டாம் என்றேன்.

சாலமோனிடமிருந்து நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். போகும்போது கடல் என் இடக்கைப் பக்கம் இருந்தது. வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தே திரும்பினேன்.