எலுமிச்சை சாதத்துக்குப் போட்ட கையெழுத்து

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போவதைப் பற்றி இங்கே ஏற்கெனவே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். கிரிவலம், கூட்டம், சாப்பாடு என்று இரண்டு பதிவையும் நல்லபடியாகத்தான் முடித்திருந்தேன். இந்த முறை அப்படி முடிக்க வரவில்லை. ஆத்திரத்தோடு எழுதுகிறேன். அதில் பாதி என்மேலேயே.

போன பௌர்ணமிக்கு நான் போனது சாமி கும்பிட அல்ல. என் பெரியம்மா மகள் சரோஜாக்காவுக்குக் கீழ்பென்னாத்தூரை அடுத்த ஒரு கிராமத்தில் ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலம். ஒரு போகம் நெல், ஒரு போகம் வேர்க்கடலை. தண்ணீர் ஊர் ஏரியின் சின்ன மதகு வழியாக வருகிறது. இப்போது வெளிநாட்டு வங்கி ஒன்றின் கடனில் அந்த ஏரியைச் சீரமைக்கப் போகிறார்கள். கரையை உயர்த்திக் கான்கிரீட் போடுவார்களாம், பெரிய மதகைப் புதிதாகக் கட்டுவார்களாம், சின்ன மதகை மூடிவிடுவார்களாம். மூடினால் அக்காவின் நிலம் உட்பட பன்னிரண்டு குடும்பத்து நிலம் காயும்.

மக்களைக் கேட்காமல் வங்கி பணம் தராது. கேட்கிற வேலையை ஒரு தொண்டு நிறுவனத்திடம் விட்டிருந்தார்கள். அவர்கள் வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் காலை பதினொரு மணிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். “இங்கிலீஷ்ல எதனா சொன்னா எனக்குப் புரியாது, நீ கூட வந்து நில்லுப்பா” என்று அக்கா போனில் கூப்பிட்டார்.

கூட்டம் வைத்த நாள்தான் பௌர்ணமி! அன்றைக்கு வெளியூர் பஸ் எதுவும் ஊருக்குள் போகாது; எல்லையிலேயே தற்காலிக பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். வாசலில் கோலம் போடுகிற பெண்மணியைக் கேட்டால்கூட இதைச் சொல்லியிருப்பார். மக்களோடு மக்களாக இருபது வருடம் வேலை செய்ததாக நோட்டீஸில் போட்டுக்கொள்கிற நிறுவனத்துக்கு மட்டும் இது தெரியவில்லையாம்.

சென்னை கிளாம்பாக்கத்தில் அதிகாலை 4.15க்கு அரசுப் பஸ் ஏறினேன். டிக்கெட் 185 ரூபாய். திண்டிவனம், செஞ்சி வழியாக 190 கிலோமீட்டர் சொச்சம். செஞ்சியில் பத்து நிமிடம் டீக்கு நின்றார்கள், டீ சுமார்தான். 8.40க்குச் செஞ்சி சாலை தற்காலிக நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து ஊரை நோக்கி நடந்தால் வழிநெடுக அன்னதானப் பந்தல்கள். ஒன்றில் சூடாக எலுமிச்சை சாதம், மந்தாரை இலைத் தொன்னையில். பசி வேறு. பச்சை டீ-ஷர்ட் போட்ட ஒரு பெண் அட்டையில் செருகிய தாளை நீட்டி, பெயர், போன் நம்பர், கையெழுத்து என்றார். ‘ஊர்’ என்று ஒரு கட்டமும் இருந்தது. “அத காலியா விட்டுடுங்க சார், நாங்க போட்டுக்கறோம்” என்றார். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கணக்கு வைக்கிறார்கள் போல என்று நினைத்து, தாளின் தலைப்பைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். படித்தவன்தானே நான்? அறிவு வேண்டாமா?

வேங்கிக்காலுக்கு ஷேர் ஆட்டோவில் 80 ரூபாய். 10.30க்கே மண்டபத்தில் இருந்தேன். முன்வரிசையில் அதிகாரிகள், பின்னால் பச்சை டீ-ஷர்ட்காரர்கள், நடுவில் காலி நாற்காலிகள். 11.20க்கு அக்கா போன் செய்தார். அவர் வந்த பஸ்ஸையும் எல்லையில் நிறுத்திவிட்டார்களாம். ஆட்டோக்காரர், “சுத்திதான் போவணும்மா, முந்நூறு ஆவும், ஜாஸ்தியா கேக்கல” என்றாராம். அவ்வளவு கையில் இல்லை, நடந்து வருகிறேன் என்றார். ஐந்து கிலோமீட்டர், உச்சி வெயில்.

நான் எழுந்து, நிலம் காயப்போகிறவர்கள் வழியில் இருக்கிறார்கள், ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள் என்று கேட்டேன். ஒருங்கிணைப்பாளர் அம்மா மிக மரியாதையாக, நான் எந்த ஊர் என்று விசாரித்தார். சென்னை என்றேன். “சாரி சார், பாதிக்கப்படறவங்க மட்டும்தான் பேசலாம், அது வங்கியோட விதி” என்று உட்கார வைத்துவிட்டார். 11.50க்கு, ஆட்சேபணை எதுவும் வரவில்லை என்று மைக்கில் படித்துவிட்டுக் கூட்டத்தை முடித்தார்கள்.

அக்கா வந்து சேர்ந்தபோது மணி 12.25. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நேராக மேடைக்குப் போனார். சின்ன மதகைப் பற்றிச் சொன்னார். கூட்டம் முடிந்துவிட்டது என்றார்கள். தேதியைச் சென்னை அலுவலகம் முடிவு செய்தது, தங்களுக்குத் தெரியாது என்றார்கள். “உங்க ஊர்லேந்தே எழுபது பேர் சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்கம்மா” என்று ஒருங்கிணைப்பாளர் ஃபைலை விரித்துக் காட்டினார்.

அக்கா ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். “இதுல ஒருத்தர்கூட எங்க ஊர் இல்ல” என்றார். அறுபத்து மூன்றாவது வரியில் விரல் நின்றது. என் பெயர். என் போன் நம்பர். என் கையெழுத்து. பக்கத்தில் யாரோ ஒருவரின் அழகான கையெழுத்தில் அக்காவின் ஊர்ப் பெயர். தாளின் தலைப்பு: ‘திட்டத்துக்குச் சம்மதிக்கும் பயனாளிகள்’.

அக்கா என்னைத் திட்டவில்லை. அந்த அம்மாவைப் பார்த்து, “நான் வரலைன்னு எழுதிக்கோங்க, லேட்டா வந்தேன்னு எழுதிக்கோங்க. சம்மதிச்சேன்னு எழுதாதீங்க” என்றார். யாரும் எழுதவில்லை. நான் அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்தேன். ஃபைலைப் பிடுங்கி மூடினார்கள்.

திரும்பும்போது அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “சாதம் நல்லா இருந்துச்சா?”

நன்றாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பௌர்ணமியன்று காலை ஒன்பதுக்குள் போய்ச் சேருங்கள், பிறகு ஆட்டோ விலை ஏறிவிடும். குடை, தண்ணீர் அவசியம். அன்னதானம் தாராளமாகச் சாப்பிடுங்கள். பெரும்பாலானவர்கள் மனதாரப் போடுகிறார்கள். ஆனால் சோற்றுக்குக் கையெழுத்துக் கேட்டால் தொன்னையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போன பௌர்ணமி காலையில் செஞ்சி சாலையில் பச்சை டீ-ஷர்ட்காரர்களிடம் எலுமிச்சை சாதம் வாங்கினீர்களா? அப்படியானால் உங்கள் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கீழே பின்னூட்டத்தில் சொல்லுங்கள், புகார் அனுப்பும் வழியை எழுதுகிறேன்.

நான் என் புகாரை அந்தப் படத்தோடு வங்கிக்கு அனுப்பிவிட்டேன். அக்காவும் மற்ற பதினொரு குடும்பத்தாரும் தனியாக ஒன்று அனுப்பியிருக்கிறார்கள். வெளியூர்க்காரன் பேசக்கூடாது என்றவர்கள்தான் என்னை அந்த ஊர்க்காரன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். என் புகாரின் முதல் வரி இதுதான்: ‘உங்கள் பட்டியலில் அறுபத்து மூன்றாவது பயனாளி நான். எனக்குச் சம்மதம் இல்லை. சின்ன மதகை மூடாதீர்கள்.’