உள் அறையில் ஒரு பிள்ளை தூங்குகிறது

இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்ப விருப்பமில்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு நட்டமும் இல்லை. பேய்க் கதை சொல்கிறவர்களையும் அதை வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறவர்களையும் நான் ஒரு நாளும் மதித்தது கிடையாது. இன்றைக்கும் மதிக்கவில்லை. வெள்ளைச் சேலை, மல்லிகை வாசம், நாய் ஊளை... அந்தக் குப்பை எதுவும் இதில் வராது. இரவுகூட வராது. பௌர்ணமிக்கு லீவு விடுகிற ஒரு போயா தினத்தில், பின்னேரம் தேத்தண்ணீர் குடிக்கிற நேரத்தில் நடந்தது.

என் பெயர் சுதாகரன். பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் கிளார்க். மனைவி கிருஷ்ணகுமாரி. மகள் மதுஷாவுக்கு மூன்று வயது. தோட்டம் கொடுத்த குவாட்டர்ஸில் இருக்கிறோம். முன் அறை ஒன்று, அதற்குக் கிழக்கே உள் அறை ஒன்று, பின்னால் சமைக்க ஒரு குசினி. அவ்வளவுதான் வீடு.

ஆபீஸ் கம்ப்யூட்டர் பழுதானபோது அதைத் திருத்த இரத்தினபுரியிலிருந்து முக்தார் என்பவர் வந்தார். ஐம்பதை நெருங்கிய மனுசன். பழைய சாகச விளையாட்டுகளின் ரசிகராம். அவரைப் போன்றவர்கள் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்களாம். திருத்தி முடிக்கும்வரை அதே பேச்சு. தொல்லை தாங்காமல் சேர்ந்தேன். சிரிக்க ஏதாவது கிடைக்கும் என்றும் சேர்ந்தேன்.

நிறையவே கிடைத்தது. அந்த விளையாட்டுகளில் படமே கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும். "நீ ஒரு குகையில் நிற்கிறாய். வடக்கே ஒரு வழி. இங்கே ஒரு விளக்கு இருக்கிறது." நாம் "விளக்கை எடு" என்று அடிக்க வேண்டும். "எடுத்தாய்" என்று பதில் வரும். இதுதான் விளையாட்டு. இதற்குத்தான் தலை நரைத்தவர்கள் பக்கம் பக்கமாக உருகி எழுதினார்கள். ஹுஸைன் என்று ஒருவர், கொழும்பில் பெரிய உத்தியோகம். பள்ளிக்கூடக் காலத்தில் ஏதோ ஒரு பாலத்தைக் கடக்க முடியாமல் அழுததை இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு நாற்பது பேர் கண்ணீர் முகம் போட்டிருந்தார்கள். வெட்கம் கெட்ட கூட்டம்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேர்கிறவர் தன் வீட்டையே விளையாட்டாக எழுத வேண்டும். அன்றைக்கு அவர்தான் கம்ப்யூட்டர். குழுவில் ஒருவர் "ஆட்டக்காரர்" என்ற பெயரில் வந்து ஆடுவார். யார் என்று யாரும் கேட்கக் கூடாது. வீட்டில் உண்மையாக இருப்பதைத்தான் எழுத வேண்டும். எழுதியதை அழிக்கவும் கூடாது.

இன்னொன்று. கண்ணில் பட்டதை எல்லாம் முதலில் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வது இவர்களுடைய வியாதி. கயிறா, எடு. கல்லா, எடு. எதற்கு என்று பிறகு யோசிப்பார்கள். வளர்ந்த மனிதர்கள்.

போயா அன்று என் முறை வந்தது. குமாரி கோயில் திருவிழாக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். மதுஷா உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். மழை. மலையே தெரியாத அளவுக்கு மூட்டம். முன் அறை மேசையில் உட்கார்ந்து எழுதினேன்.

"நீ ஒரு தோட்டத்து வீட்டில் நிற்கிறாய். ஆணியில் ஒரு குடை தொங்குகிறது. மேசையில் டோர்ச், சாவி, கத்தரிக்கோல். கிழக்கே உள் அறை."

அதோடு விட்டிருக்கலாம். எடு எடு என்று அலைகிறவர்கள் இதை என்ன செய்கிறார்கள் பார்ப்போம் என்று ஒரு குறும்பு. கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்.

"உள் அறையில் ஒரு பிள்ளை தூங்குகிறது."

நாலு மணி தாண்டியிருக்கும். ஆட்டக்காரர் வந்தார். பெயருக்குப் பக்கத்தில் படம் இல்லை. வணக்கம்கூட இல்லை.

"குடையை எடு."

"எடுத்தாய்" என்று போட்டேன். முதுகுக்குப் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். ஓட்டில் ஏதோ விழுந்தது என்று நினைத்தேன். திரும்பவில்லை.

"டோர்ச்சை எடு."

"எடுத்தாய்."

"சாவியை எடு."

"எடுத்தாய்."

கொட்டாவி வந்தது. இதற்கா இந்த மனிதர்கள் உயிரை விடுகிறார்கள்? ஒரு கையால் தேத்தண்ணீரை எடுத்துக் குடித்தேன். ஆறியிருந்தது.

"கத்தரிக்கோலை எடு."

"எடுத்தாய்."

கோப்பையை வைக்கப் போனபோதுதான் கவனித்தேன். மேசையில் கத்தரிக்கோல் இல்லை. டோர்ச் இல்லை. சாவி இல்லை. குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். அங்கேயும் இல்லை. திரும்பிப் பார்த்தேன்.

ஆணி மட்டும் இருந்தது. ஆணிக்குக் கீழே தரையில் கொஞ்சம் தண்ணீர், குடை சொட்டிய தண்ணீர்.

மதுஷா எழுந்து வந்து எடுத்திருப்பாள் என்று நினைத்தேன். ஆணி என் தலைக்கு மேலே இருக்கிறது. அவளுக்கு எட்டாது.

அப்போது கரண்ட் போனது.

எங்கள் பக்கத்தில் கரண்ட் போனால் சிக்னலும் போய்விடும். போனைப் பார்த்தேன். சிக்னல் இல்லை. ஒரு கோடுகூட இல்லை.

போன் அதிர்ந்தது.

"கிழக்கே போ."

எழுந்து உள் அறைக்குள் போனேன். மதுஷா சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக இருந்தது. கதவைச் சாத்தினேன். பூட்டலாம் என்றால் அந்த அறைச் சாவி... அதுதான் இல்லையே.

அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியிருக்க வேண்டும். இதை வாசிக்கிற உங்களுக்கும் அதுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் எதிரே தொழிலாளர் லயத்து வாசலில் ஆட்கள் நின்றார்கள். போன் விளையாட்டுக்குப் பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளார்க் ஐயா மழையில் ஓடினார் என்று மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடம் வரைக்கும் கதை போகும். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியாது. அதனால் கட்டிலில் உட்கார்ந்தேன். ஒரு கையால் மதுஷாவின் காலைப் பிடித்துக்கொண்டேன். மறு கையால் அடித்தேன்.

"கதவு பூட்டியிருக்கிறது."

கதவில் 'கிளிக்' என்றது. பூட்டு தானாகப் பூட்டிக்கொண்டது.

"சாவியால் கதவைத் திற."

கிளிக்.

கதவு மெதுவாகத் திறந்தது. முன் அறை தெரிந்தது. என் நாற்காலி தெரிந்தது. ஒருவரும் இல்லை. ஆனால் மழைச் சத்தம் குறைந்திருந்தது. வாசலை யாரோ மறைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி...

"பிள்ளையை எடு."

குழுவிலிருந்து வெளியேறப் பார்த்தேன். அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். போகவில்லை. அப்போது ஒரு யோசனை வந்தது. அந்த விளையாட்டுகளில் பைக்கு ஒரு அளவு உண்டு. அதற்கு மேல் எடுக்க முடியாது. கண்ணீர் முகக் கூட்டம் அதைப் பற்றியும் புலம்பியிருந்தது.

"முடியாது" என்று போட்டேன். "உன் கை நிறைந்துவிட்டது."

ஒன்றும் வரவில்லை. நீண்ட நேரம் வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். முட்டாள்கள் என்றுகூடச் சொன்னேன், சத்தமாக.

போன் அதிர்ந்தது.

"கையில் என்ன இருக்கிறது?"

நான் பதில் அடிக்கவில்லை. சத்தியமாக அடிக்கவில்லை. ஆனால் என் பெயரில் பதில் வந்தது.

"குடை. டோர்ச். சாவி. கத்தரிக்கோல். பையன்."

பையனா...

நான் பையன் என்று எழுதவே இல்லை.

"பையனை வை."

"வைத்தாய்."

எனக்குப் பக்கத்தில் மெத்தை அமுங்கியது. சின்னப் பாரம். ஒரு பிள்ளையின் பாரம்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"பிள்ளையை எடு."

காலை இறுக்கிப் பிடித்தேன். விடவில்லை. ஒரு கணமும் விடவில்லை...

"எடுத்தாய்."

கையில் இருந்த கால் குளிர்ந்தது. ஆற்றுக் கல் மாதிரிக் குளிர்ந்தது.

பிறகு மெத்தையில் இருந்த பாரம் போனது.

பிறகு கால் மறுபடி சூடானது.

கரண்ட் வந்தது. மதுஷா என் பக்கம் திரும்பிக் கண்ணைத் திறந்தாள். அதே முகம், அதே மச்சம், நெற்றியில் அதே பொட்டு. அப்பா என்று சொல்லவில்லை. அழவும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

குமாரி நனைந்துகொண்டு வந்தாள்.

"என்னங்க, பிள்ள முழிச்சிருச்சா?"

"ம்."

"ஆணியில கெடந்த கொடைய யாருக்குக் குடுத்தீங்க?"

என்னவென்று சொல்வது? குடை கிடைக்கவில்லை. மற்றவையும் கிடைக்கவில்லை. உள் அறைக்கு வேறு பூட்டு வாங்கிப் போட்டோம்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். தூங்கி எழுந்ததும் பிள்ளை கட்டிலைவிட்டு இறங்கி நேரே வடக்குச் சுவருக்குப் போகிறது. கையை உயர்த்துகிறது. கதவுக் கொண்டியைத் தேடுகிற மாதிரி சுவரைத் தடவுகிறது. தள்ளிப் பார்க்கிறது. பிறகு சுவரைப் பார்த்து "அம்மா" என்கிறது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மழைத்தண்ணீர் ஓடுகிற கானும் தேயிலையும்தான்.

"நான் இங்கனதானே இருக்கேன்டி" என்று குமாரி பின்னால் நின்று சிரிப்பாள். பிள்ளை திரும்பாது. விளையாடுகிறாள் என்று குமாரி நினைக்கிறாள். நினைக்கட்டும்.

ஒரு வாரம் பொறுத்து முக்தாருக்குப் போன் எடுத்தேன். யார் அந்த ஆட்டக்காரர் என்று கேட்டேன்.

"ஆட்டக்காரரா? ஹுஸைன் நானாதான் வர இருந்த. மழையில பஸ்ஸுல மாட்டிட்டாரு. அன்டைக்கு யாரும் ஆடல்ல."

"அப்ப எனக்கு எடு எடுன்னு போட்டது யாருங்க?"

"அப்படி ஒன்டுமே வரல்லயே சுதா. உங்கட பதில் மட்டும்தான் எங்களுக்கு வந்த. எடுத்தாய், எடுத்தாய்னு. நீங்க தனியா நடிச்சுக் காட்டுறீங்கன்டு நெனச்சோம். எல்லாரும் கை தட்டினோமே."

கை தட்டியிருந்தார்கள். பிறகு பார்த்தேன். வரிசையாக முப்பது பேர்.

"எனக்கு முன்னால சேர்ந்தவர் யாரு?" என்று கேட்டேன்.

"தனுஷன். எம்பிலிப்பிட்டிய. அவரும் இப்படித்தான் பதில் மட்டும் போட்ட. நாங்க அதயும் பாராட்டின. பொறகுதான் விசயம் தெரிஞ்ச. அவரு ஆடிக்கிட்டு இருக்கக்குள்ள அவர்ட மகன் தூக்கத்துலயே மூச்சு நின்னு மௌத்தாப் போய்ட்டான். மூணு வயசு. அதோட அவரு குழுவ விட்டுப் போய்ட்டாரு."

நான் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் கேட்டுவிட்டது.

"அவர் வீட்டுல... அந்தப் பையன் படுத்த கட்டிலுக்கு வடக்கால என்னங்க இருந்துச்சு?"

"கதவொன்டு" என்றார் முக்தார். "அதுக்கு அந்தப் பக்கம் தாய் படுக்கிற அறை. ஏன் கேக்குறீங்க?"

போனை வைத்துவிட்டேன்.

குமாரியிடம் இதை நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாள், தலை வாரிவிடுகிறாள். நான் தொடுவதில்லை. என் மகள் எங்கே என்று எனக்குத் தெரியும். குடையோடும் டோர்ச்சோடும் ஒரு கையில் இருக்கிறாள். இன்னொரு வீட்டில் இன்னொரு பிள்ளையை எடுக்கும்போதுதான் அந்தக் கை அவளைக் கீழே வைக்கும்.

அதனால் நான் குழுவை விட்டுப் போகவில்லை. அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து நானும் கண்ணீர் முகம் போடுகிறேன். போன வெள்ளிக்கிழமை புதிதாக ஒருவர் சேர்ந்தார். ஆரூரன், யாழ்ப்பாணத்துக்காரர், கேகாலையில் பள்ளிக்கூட ஆசிரியர். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருடைய முறை. நேற்று குழுவில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

"எங்கட சின்னவள் பின்னேரத்தில நித்திரை கொள்ளுவாள். அவளையும் எழுத வேணுமோ?"

எல்லோரும் சிரிக்கிற முகம் போட்டார்கள். முதலில் பதில் போட்டவன் நான்.

"கட்டாயம் எழுதுங்க."