கறிக்கடையில் நின்ற அக்கா

அக்கா நர்ஸ் படிப்பில் சேரப்போவதாகச் சொன்னபோது அப்பா சிரித்துவிட்டார். வீட்டில் சேவல் அறுத்த அன்று ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தவள் அவள். “இன்னொரு தபா வுய்ந்தேன்னு வெச்சிக்க, படிப்பும் வாணாம் ஒண்ணும் வாணாம். மாமன் ஊட்ல கட்டிக் குடுத்துடுவேன்” என்றார். மாமன் வீட்டில் அதற்குத்தான் காத்திருந்தார்கள்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கும் வேலையை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். துணைக்கு நான். கோவில்பதாகையிலிருந்து ஆவடி மார்க்கெட்டுக்கு நடப்போம். முன்னால் வந்தவர்களுக்கெல்லாம் கோழி அறுத்து முடியும்வரை அவள் கட்டைக்குப் பக்கத்திலேயே நின்று பார்ப்பாள். அவள் முகம் வெளுத்தால் மணிக்கட்டில் கிள்ள வேண்டும், வீட்டில் மூச்சு விடக்கூடாது. அதுதான் என் வேலை. அக்கா அங்கேயே செத்துப்போய்விடுவாளோ என்று வழியெல்லாம் எனக்குப் பயம்.

ஒரு ஞாயிறு, கத்தி இறங்கியதும் அவள் உதட்டின் மேல் வேர்வை அரும்பியது. முழங்கால் மடங்கியது.

“இன்னாம்மா, கறி வாங்க வந்தியா, கோழிக்குத் துக்கம் கேக்க வந்தியா?” என்றார் கடைக்கார பாய். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிள்ளினேன். விடவேயில்லை.

“டேய், வுட்றா. கண்ணத் தொற.”

திறந்தேன். என் நகம் பதிந்த இடத்தில் ரத்தம் கசிந்தது. நான் ஓவென்று அழுதேன்.

“அய்வாத. நான் நின்னுகினுதான கீறேன்” என்றாள். தாவணி முனையால் முதலில் என் கண்ணைத் துடைத்தாள். பிறகுதான் கையை.

வீட்டில் அப்பா காயத்தைப் பார்த்துவிட்டார். அக்கா, “கோழி கொத்திடுச்சு நைனா” என்றாள். அறுத்த கோழி எப்படிக் கொத்தும் என்று அப்பா கேட்கவில்லை.

“ரத்தம் வந்துதா?”

“வந்துச்சு.”

“வுய்லியா?”

“வுய்ல.”

அப்பா கறிப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மாமன் வீட்டுப் பேச்சு அத்துடன் நின்றது.

அக்காவைக் காப்பாற்றியது என் நகம்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பாம்பையே அடிக்கும் அண்ணன் ஒருவன் இருந்தான். அவனை விட்டுவிட்டு, பல்லிக்கு அலறும் என்னை அவள் ஏன் வாரம் தவறாமல் கூட்டிப்போனாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தேற்றுவதற்கு ஒருவன் பக்கத்தில் இருந்தால் அவள் விழமாட்டாள் என்பது அவளுக்கு மட்டும் அப்போதே தெரிந்திருக்கிறது.